வண்டி என் பேருக்கு மாறிய கதை

எங்கள் தெரு பெரிய ரோட்டைத் தொடும் இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. பன்னிரண்டு வருடங்களாகக் காலை ஏழு மணிக்கு என் கணவர் என்னைப் பின்னால் உட்காரவைத்து, அதன்மேல் ஏறி இறங்கித்தான் திருப்பரங்குன்றம் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விடுவார். ஒருநாள் வேகத்தைக் குறைக்காமலே போனார். வண்டி எங்கள் இருவரையும் தூக்கிப்போட்டது. கையிலிருந்த சாப்பாட்டுப் பை நழுவி, டப்பா திறந்து, எலுமிச்சை சாதம் ரோட்டில் சிதறியது. அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"புதுசாப் போட்டிருக்கானுகளா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சர்க்கரை கண்ணுக்குள் வேலையைக் காட்டியிருந்தது. போன பார்வை திரும்பாது, லேசர் வைத்தால் இருக்கிறதைக் காப்பாற்றலாம், இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். முதலில் சொன்னதற்கே நான் அழுதுவிட்டேன். கடைசியாகச் சொன்னதற்குத்தான் என் கணவர் முகம் வாடினார். ஆட்டோவில் பாதி வழி தாண்டியதும், "நான் கடைக்கு பஸ்ல போயிக்கிருவேன். ஒன்னைய யாரு கொண்டுபோய் விடுவா?" என்றார்.

அவர் டவுனில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறார். வண்டி வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கறுப்பு நிறம், கியர் வண்டி, சின்ன எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்னால் அதைக் குளிப்பாட்டிவிடுவார். எனக்கு ஒரு கீறல் பட்டால் மருந்து தடவிக்கொள் என்பார். வண்டிக்குப் பட்டால் லீவு போடுவார்.

நான் இயன்முறை மருத்துவர். மேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் இவர்களுடைய வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஊரில் எல்லாரும் 'எக்சசைஸ் டாக்டரம்மா' என்பார்கள். எங்கள் ஆபீஸ் ஜீப் ஒன்று உண்டு. அது பல பேருக்குப் பொது என்பதால் வாரத்தில் இரண்டு நாள்தான் எனக்குக் கிடைக்கும். மற்ற நாட்களில் மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் வந்தால் ஏறி, வராவிட்டால் காத்திருந்து, கடைசியில் வயல் ஓரமாக மூன்று கிலோமீட்டர் நடந்து ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தால் பொழுது முடிந்துவிடும். வாரம் இரண்டு முறை பார்க்க வேண்டியவரை மாதம் ஒரு முறைதான் பார்ப்பேன். அது பயிற்சியே இல்லை, நலம் விசாரிப்பு. அதை நினைத்து எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

அதனால் ஆட்டோவில் அவர் கேட்ட கேள்விக்கு, யோசிக்காமலே பதில் வந்துவிட்டது. "நானே ஓட்டிக்கிறேன். ஒங்க வண்டியையே."

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்றார்கள். நன்றாக ஓடுகிற வண்டி ஒன்று வாசலில் நிற்கும்போது இன்னொன்று எதற்கு என்று நான் சொன்னேன். சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. அந்த வண்டி ஓடாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவர் தினமும் வீட்டை விட்டு இறங்குவதை என்னால் பார்க்க முடியாது.

முதலில் அவரே சொல்லித்தருவதாக முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை மலைக்குப் பின்பக்கம் இருந்த காலி மைதானத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம்.

"கிளட்ச்ச மெதுவா விடு."

"மெதுவான்னா எம்புட்டு மெதுவா?"

"மெதுவான்னா மெதுவா!"

வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்துபோகும். மறுபடி உதைப்பேன். மறுபடி துள்ளும். அவர் பின்னாலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். நாலாவது தடவை வண்டி சாய்ந்தது. நான் ஒருபக்கமும் அது ஒருபக்கமும் விழுந்தோம். அவர் முதலில் ஓடிவந்தது என்னிடம்தான், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் என் கையைப் பிடித்துத் தூக்கும்போது அவர் கண் வண்டியின் மேல் இருந்தது.

"இப்புடிக் கத்துனா என் பேஷண்டு ஒருத்தரும் எந்திரிச்சு நடக்க மாட்டாங்க," என்றேன்.

"ஒன் பேஷண்டு யாரும் என் வண்டியக் கீழ போடலையே!" என்றார்.

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் அவருடைய செல்போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். திறந்து பார்த்தால் வரிசையாகப் படங்கள். சுவர்களிலும் கரண்டுக் கம்பங்களிலும் இருந்த டிரைவிங் ஸ்கூல் விளம்பரங்கள். கடைக்குப் போகும் வழியில் ஒவ்வொன்றாக நின்று படம் எடுத்திருக்கிறார். தூரத்து எழுத்து அவருக்குத் தெரியாது. போனில் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்திருப்பார். நான் காபியைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் அந்தப் படங்களையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் மூன்று இடங்களுக்குப் போய் விசாரித்தோம்.

முதலாவது, ஏ.சி. போட்ட ஆபீஸ். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் கணவரைப் பார்த்து, "மேடத்துக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டார்.

"அவங்க இந்தா இருக்காங்க. அவங்கட்டயே கேளுங்க," என்றார் இவர்.

பெண்களுக்கு ஸ்கூட்டி வகுப்பு மட்டும்தானாம். கியர் வண்டி வேண்டுமென்றால் ஆண்களோடு சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், சங்கடமாக இருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். கட்டணமும் அதிகம். எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் எல்லாமே சுலபமாக இருந்தது. ஐந்து நாள் வகுப்பு. பழகுநர் உரிமத்திலிருந்து லைசென்ஸ் கைக்கு வரும் வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மூன்றிலும் மலிவு அதுதான்.

"எட்டுப் போட மட்டும் பழகிக்கிட்டாப் போதும் மேடம். டெஸ்ட்டுல அதத்தான் பாப்பாங்க."

"ரோட்டுல ஓட்டுறதுக்கு?"

"அது ஓட்ட ஓட்டத் தானா வந்துரும்."

என் கணவருக்கு மலிவு பிடித்திருந்தது. எனக்கோ மேலூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில் கட்டிலில் கிடந்த கொத்தனார் நினைவுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டு நின்றவரை ஒரு பைக் வந்து அடித்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, நரம்பும் பாதிக்கப்பட்டு, ஒரு பாதம் தொங்கிப்போனது. இடித்தவனிடம் லைசென்ஸ் இருந்தது. பிரேக் பிடிக்கத்தான் தெரியவில்லை. இன்சூரன்ஸும் இல்லை. அவனே கூலி வேலைக்குப் போகிறவன். கேஸ் போட்டும் கொத்தனாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தானாக வந்துவிடும் என்று நம்பி ரோட்டுக்கு வந்தவன் அவன் என்று எனக்குத் தோன்றியது. "நாளைக்குச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மூன்றாவது இடம் அவனியாபுரத்தில். ஆபீஸ் என்று எதுவும் இல்லை. ஒரு மெக்கானிக் பட்டறை, அதன் பின்னால் முள்வேலி போட்ட காலி மனை. பட்டறைக்காரருடைய மகள்தான் சொல்லித்தருகிறவள். இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. தலையில் முக்காடு, அதற்குமேல் ஹெல்மெட். என்னைப் பார்த்து உட்காரச் சொல்லவில்லை, வயதும் கேட்கவில்லை.

"அக்கா, வண்டி கீழ விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"யாரையாவது கூப்பிடுவேன்."

"யாருமே இல்லாத ரோடுன்னா?"

அவள் பட்டறை ஓரம் நின்ற ஒரு பழைய பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, மெதுவாகத் தரையில் சாய்த்துப் படுக்கவைத்தாள். "தூக்குங்க" என்றாள். ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அவள் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டுக்கடியில் இருந்த கம்பியையும் பிடித்து, காலை ஊன்றிப் பின்னாலேயே நடந்தாள். வண்டி எழுந்து நின்றது. முதுகுக்கு வேலை கொடுக்காமல் தொடைக்குக் கொடுக்கிறாள். நான் என் நோயாளிகளின் வீட்டாருக்குச் சொல்லித்தருவதே அதுதான். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போனது.

பதினைந்து வகுப்பு. கடைசி ஐந்தும் ரோட்டில். லைசென்ஸ் வாங்கித் தர மாட்டாளாம், அதற்கு நாமே அலைந்துகொள்ள வேண்டும். இரண்டாவது இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

"அஞ்சு நாள்ல முடிக்க முடியாதாம்மா?" என்று என் கணவர் கேட்டுப் பார்த்தார்.

"முடியும்ண்ணே. ஓட்டச் சொல்லித்தர அஞ்சு நாள் போதும். நிறுத்தச் சொல்லித்தரத்தான் மிச்சம் பத்து நாளு."

பட்டறைக்குள்ளிருந்து அவள் அத்தா, அந்தப் பட்டறைக்காரர், சிரிக்கும் சத்தம் கேட்டது. என் கணவர் அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டார்.

முதல் மூன்று நாள் எஞ்சினே போடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது, ஸ்டாண்டு போடுவது, எடுப்பது, படுக்கவைப்பது, தூக்குவது. என்னோடு இன்னும் இரண்டு பேர் பழகினார்கள். ஒருத்தி கல்லூரி மாணவி. இன்னொருவர் இட்லிக் கடை வைத்திருப்பவர், ஸ்கூட்டி பழக வந்தவர். மாணவி நாலாவது நாளே பறந்தாள். இட்லிக் கடைக்காரர் ஒரு வாரத்தில் சந்தைக்குப் போய் வந்துவிட்டார். நான் மட்டும் காலி மனையின் நடுவில் இருந்த ஒரு குழியைத் தேடித் தேடிப் போய் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"குழியப் பாக்காதீங்கக்கா. கண்ணு எங்கிட்டுப் போகுதோ வண்டி அங்கிட்டுத்தான் போகும். எதிர்க்கப் பாருங்க."

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. 'கீழ பாக்காதீங்க, எதிர்க்கப் பாருங்க' என்று எத்தனை பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன்! இரண்டாவது தடவை சொல்லும்போது என் குரல் ஏறிவிடும். கீழே பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் குழிதான் எனக்குக் காட்டியது. இந்தப் பெண் என்னிடம் ஒருநாளில் இருபது தடவை சொன்னாள். இருபதாவது தடவையும் முதல் தடவை மாதிரியேதான் சொன்னாள்.

எட்டுப் போடும் தேர்வில் முதல் முறை காலை ஊன்றிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போய்ப் பாஸ் பண்ணினேன். அவளுக்குப் போன் போட்டுச் சொன்னதும், "மாஷா அல்லாஹ்! இனி ரோடு கிளாஸ்ல தூங்காம வாங்க" என்றாள்.

அடுத்து இன்சூரன்ஸ். இருந்த பாலிசி அந்த மாதத்தோடு முடிகிறது. போனில் தேடினால் இரண்டே நிமிஷத்தில் மலிவாக ஒன்று கிடைத்தது. பணம் கட்டப் போனவள், கொத்தனாரின் நினைப்பில் கையை இழுத்துக்கொண்டேன். மறுநாள் கொத்தனாரின் காலை மடக்கி நீட்டிக்கொண்டே கேட்டேன், "எந்த இன்சூரன்ஸ் எடுக்கலாம்னு தெரியல. நீங்க பட்டவரு, சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டரம்மா, ஒங்களுக்கு, ஒங்க வண்டிக்கு எதுனாலும் எடுங்க, எடுக்காமப் போங்க. நீங்க இடிக்கிற ஆளுக்கு இருக்கணும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதென்ன, அவுக யாரையும் இடிக்க மாட்டாக," என்று அவரை அதட்டினாள்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் உட்கார்ந்திருப்பார். அன்று அவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, வண்டி யார் பேரில் இருக்கிறது என்பது.

"வீட்டுக்காரர் பேர்ல."

"ஓட்டப்போறது?"

"நான்தான். அவரு இனிமே ஓட்ட மாட்டாரு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் போட்டார். "இது நீங்க இடிக்கிற ஆளுக்கு. சட்டப்படி கண்டிப்பா இருக்கணும். இது வண்டிக்கு. இது ஓட்டுற ஓனருக்கு, கை கால் போனா, உயிர் போனா." மூன்றாவது கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "ஓனருக்குன்னா, ஆர்.சி. புக்குல பேரு இருக்கிற ஆளுக்கு. லைசென்சும் அவருக்கு இருக்கணும். ஒங்க வீட்டுக்காரர் பேர்லயே வண்டி இருந்தா, நீங்க விழுந்தீங்கன்னா இதுல ஒங்களுக்கு ஒன்னும் வராது மேடம்."

போனில் அந்த மலிவான பாலிசியில் இது எங்கேயாவது எழுதியிருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

"அப்ப வண்டிய என் பேருக்கு மாத்தணுமா?"

"மாத்திட்டு வாங்க. இன்னொன்னும் சொல்றேன். வண்டிக்குப் பன்னெண்டு வயசாச்சு. வண்டிக்குன்னு கட்டுற காசு இனி ஒங்களுக்கு வீண். அதுக்குப் பதிலா பின்னாடி உக்கார்றவுகளுக்கு ஒரு கவர் போட்டுக்கங்க. இத நான் சொல்லக் கூடாது, எனக்குக் கமிஷன் கொறையும். இருந்தாலும் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் பழைய பாலிசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பேரை மாற்றுவது அவருக்கு வலிக்கிறது என்று நினைத்தேன். அவர் மனது வேறு எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப வண்டிக்கு ஒன்னுமே கெடையாதா? பன்னெண்டு வருசமா ஃபுல் இன்சூரன்ஸ் கட்டுனேன். ஒரு தடவகூட கிளெய்ம் பண்ணல. வருசா வருசம் அதுக்குன்னு தள்ளுபடி குடுத்தாங்க."

"அந்தத் தள்ளுபடி ஒங்க பேருக்குத்தானாம். என் பேருக்கு வராதாம்."

"என் நல்ல பேர நான் ஒனக்குக் குடுக்க முடியாதாமா?"

"முடியாதாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சிரித்து முடித்ததும் படிவங்களை எடுத்து மேசையில் விரித்தேன். விற்பவர் என்ற இடத்தில் அவர் பேர், வாங்குபவர் என்ற இடத்தில் என் பேர். கையெழுத்துப் போட வேண்டிய கோடு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கோட்டின் அடியில் என் விரலை வைத்துக்கொண்டேன். விரலை ஒட்டியே அவர் எழுதினார். பேரின் கடைசி எழுத்து என் நகத்தில் ஏறி நின்றது. நகத்தில் பட்ட மையை அவரே வேட்டி நுனியால் துடைத்துவிட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் காகிதத்தை வாங்கிய அம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "புருசன் பொண்டாட்டிக்குள்ள விக்கிறதா? எம்புட்டுக்கு வித்தீங்க?"

"அவ தினமும் கட்டுற டிபன் டப்பாவுக்கு," என்றார் இவர்.

பேர் மாறியது. ஏஜென்ட் சொன்னபடியே பாலிசி எடுத்தேன். நான் போனில் பார்த்ததைவிடக் கொஞ்சம்தான் கூட.

இனி வண்டியை மேலூருக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் ஓட்டும் தைரியம் எனக்கு இல்லை. மேலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வண்டி ஸ்டாண்டில் அதை விட்டுவைத்து, தினமும் நிறுத்தம் வரை நடந்து, பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து கிராமங்களுக்கு ஓட்டுவதாகத் திட்டம். ஆனால் அந்த ஒரு நாள் நான்குவழிச் சாலையில் போய்த்தானே ஆக வேண்டும்! லோடு ஆட்டோவில் ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். அவனியாபுரத்துப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளென அவளே ஸ்கூட்டியில் வந்து நின்றாள். "நான் முன்னாடி போறேன். என் பின்னாடி லைட்ட மட்டும் பாத்துக்கிட்டே வாங்கக்கா."

என் கணவர் விடியும் முன்பே பஸ் ஏறி மேலூருக்குப் போய்விட்டார்.

லாரிகள் என்னைத் தாண்டும்போதெல்லாம் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளியது. கிரானைட் கல் ஏற்றிய ஒரு லாரி உரசுவதுபோலப் போனதும் வாய்விட்டு அலறினேன். ஹெல்மெட்டுக்குள் என் சத்தம் எனக்கே கேட்டது. முன்னால் ஸ்கூட்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் நானும் போனேன். ஒத்தக்கடை தாண்டியதும் தோள் தானாகக் கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் வயல்கள் தெரிய ஆரம்பித்தன. அதுவரைக்கும் அவை இருந்ததையே நான் பார்க்கவில்லை.

மேலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் என் கணவர் பேப்பர் படிப்பதுபோல நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்ததாக அந்தப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள். எனக்கு அது தெரியவில்லை. மூன்று டீ சொன்னார். நான் வண்டியை ஸ்டாண்டு போட்டதும், பக்கத்தில் வந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்திருக்கும். கையை எடுத்துக்கொண்டு, "நல்லா ஓட்டிட்டு வந்திருக்க," என்றார். எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினாறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒரு குரலில் பாராட்டியதில்லை.

முதல் வாரத்திலேயே விழுந்தேன். அறுவடைக் காலம். கிராமத்து ரோட்டில் பாதிக்குமேல் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். எதிரே ஒரு டிராக்டர் வரவும் நெல்லின் மேல் ஏறிவிட்டேன். பிரேக் பிடித்ததும் சக்கரம் வழுக்கியது. நெல் மெத்தை மாதிரி இருந்ததால் எனக்கு அடி ஒன்றும் இல்லை. நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள்.

"ஏத்தா, நெல்லுல வந்தா வண்டிய விடுவ!" என்றாள் ஒருத்தி. அடுத்த மூச்சில், "எங்கிட்டும் அடிபட்டுச்சா?" என்று என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

நான் எழுந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை ஊன்றிப் பின்னால் நடந்தேன். வண்டி எழுந்து நின்றது. இருவரும் வாய் பிளந்து பார்த்தார்கள். அப்புறம் மூன்று பேருமாகச் சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளினோம். இண்டிகேட்டர் கண்ணாடி உடைந்திருந்தது. அதற்கு இன்சூரன்ஸ் இல்லை. என் கணவர் அதைப் பார்த்து ஒரு நாள் லீவு போடுவார் என்று பயந்தேன். புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு மேலூருக்கே வந்து, தடவித் தடவி அவரே மாட்டிவிட்டார்.

வாரம் இரண்டு முறை கொத்தனார் வீட்டுக்குப் போக முடிந்தது. கட்டிலில் இருந்தபடியே என் வண்டிச் சத்தத்தை வைத்து எடைபோடுவது அவருடைய பொழுதுபோக்காகிவிட்டது.

"டாக்டரம்மா, கம்மாய்க் கரை பூரா ரெண்டாவது கியர்லயே வந்தீக போல. வண்டி அழுகுதுல்ல."

"நீங்க காலத் தூக்குங்க. வண்டிய நான் பாத்துக்கிறேன்."

அவர் சொன்னதை வைத்தே நான் மூன்றாவது கியருக்குப் பழகினேன். நான் சொன்னதை வைத்து அவர் சுவரைப் பிடித்து நின்றார். பாதம் தூக்காததற்கு ஒரு பட்டை செய்து மாட்டினோம். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் நான் வண்டியை நிறுத்தும்போது அவர் வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஐந்தாறு அடி எடுத்து வைத்து, என் வண்டியின் செயினைக் குனிந்து பார்த்து, "ரொம்பத் தொங்குது, டைட் வைக்கச் சொல்லுங்க" என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்று அழுதாள்.

அன்றைக்குக் கிளம்பும்போது அவள் பின்னாலேயே வந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பைக் நிற்கும். அவருடையது. அதைக் காட்டி, "மேலூர்ல தையல் கம்பெனில கூப்பிடுறாக. பஸ்ஸு நேரத்துக்கு ஒத்து வரல. இத நான் ஓட்ட முடியுமாக்கா?" என்றாள். அதுவரைக்கும் டாக்டரம்மா என்று கூப்பிட்டவள் அன்றுதான் முதல் தடவையாக அக்கா என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவனியாபுரத்துக்குக் கிளம்பினேன். என் கணவரின் ஹெல்மெட் அவளுக்குப் பெரிதாக இருந்தது. உள்ளே ஒரு துண்டைச் சுற்றி வைத்தோம். கொத்தனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏதோ வெளியூருக்கு அனுப்புவதுபோலக் கையாட்டினார். நான்குவழிச் சாலையில் ஏறியதும் அவள் என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு லாரி தாண்டிப் போனது. அவள் அலறவில்லை.

"அக்கா," என்று காதருகே கத்தினாள். "இத ஓட்டிக்கிட்டே பேச முடியுமா?"

"இப்பத்தான் முடியுது. பேசு," என்றேன்.

மதுரை வரும் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள்.